சர்வீஸ் என்று ஒரு சொல்

2025 ஏப்ரலில் எங்கள் வீட்டு ஏசி குளிர் தருவதை நிறுத்திக்கொண்டது. ஓடிக்கொண்டுதான் இருந்தது, காற்றும் வந்தது. ஆனால் அறையில் புழுக்கம் குறையவில்லை. ஊத்தங்கரையில் ஒரு கோடையைக் கழித்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்க வேண்டியதில்லை. பகலெல்லாம் சூட்டைக் குடித்த தளம் இரவெல்லாம் அதைக் கக்கிக்கொண்டிருக்கும். அந்த அறையில் படுத்திருப்பவர் என் மாமியார். பக்கவாதம் வந்து இரண்டு வருடம் ஆகிறது. ஏசி வாங்கியதே அவருக்காகத்தான்.

மெக்கானிக் தம்பி சிங்காரப்பேட்டைப் பக்கத்திலிருந்து பைக்கில் வந்தார். முன்மூடியைக் கழற்றி டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, "காயில் அடைச்சிருக்கு டீச்சர். சர்வீஸ் பண்ணி எவ்வளவு நாளாச்சு?" என்று கேட்டார். பண்ணியதே இல்லை என்று சொல்ல எனக்குக் கூச்சமாக இருந்தது. என்னையும் எட்டிப் பார்க்கச் சொன்னார். சீப்புப் பற்கள் போல நெருங்கி நிற்க வேண்டிய மெல்லிய அலுமினியத் தகடுகள் கண்ணுக்கே தெரியவில்லை. அவற்றின் மேல் சாம்பல் நிறத்தில் கம்பளி போல ஒரு படலம். மாமியாரின் பவுடர், போர்வைப் பஞ்சு, உதிர்ந்த தோல், சாலைப் புழுதி, எங்கள் எல்லோருடைய முடி. அந்த அறையின் இரண்டு வருட வாழ்க்கை அங்கே படிந்து கிடந்தது.

மாமியாரைப் பக்கத்து அறைக்கு மாற்றினோம். தம்பி இன்டோர் யூனிட்டைச் சுற்றி பிளாஸ்டிக் பையைக் கட்டி, சிறிய பம்பால் தண்ணீரைப் பீய்ச்சினார். வாளியில் இறங்கிய தண்ணீர் கறுப்பு. பிறகு ஜன்னல் வழியாக வெளியே இறங்கி, ஒரு முழ அகல சன்ஷேடில் இடுப்பில் எந்தக் கயிறும் இல்லாமல் நின்று அவுட்டோர் யூனிட்டைக் கழுவினார். எல்லாம் முடிய ஒரு மணி நேரம் ஆனது. தொடங்கும்போதும் முடித்த பிறகும் ஒயரில் ஒரு மீட்டரைக் கவ்வ வைத்துக் காட்டினார். ஒன்பது ஆம்பியரைத் தொட்டிருந்த எண் ஏழரைக்கு இறங்கியிருந்தது. "பாருங்க, கரண்ட் பில்லே குறையும்." 700 ரூபாய் கேட்டார். பேரம் பேசாமல் கொடுத்தேன். காபியும் கொடுத்தேன்.

அவர் போன பிறகு, அறையில் சிதறியிருந்த கறுப்புத் தண்ணீரை அக்கா துடைத்தார்.

அக்கா எங்கள் வீட்டில் வேலை செய்பவர். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். பெயரை எழுத வேண்டாம் என்று அவரே சொல்லிவிட்டார். தினமும் காலை மூன்று மணி நேரம் எங்கள் வீட்டில் இருப்பார். பாத்திரம், பெருக்குதல் எல்லாம் ஒரு பக்கம். முக்கியமான வேலை என் மாமியார்தான். டயப்பர் மாற்றுவது, உடம்பு துடைப்பது, ஒருக்களித்துப் படுக்க வைப்பது, முதுகுக்கும் குதிகாலுக்கும் எண்ணெய் தடவுவது. மாதம் 4,000 ரூபாய் கொடுத்துக்கொண்டிருந்தேன். நான் பள்ளியில் கணக்கு சொல்லிக்கொடுப்பவள். தொண்ணூறு மணி நேரம், 4,000 ரூபாய் என்று மனம் தானாக வகுத்தது. மணிக்கு 44 ரூபாய் சொச்சம். ஒரு மணி நேரச் சுத்தத்துக்கு 700 கொடுத்துவிட்டு, இன்னொரு மணி நேரச் சுத்தத்துக்கு 44 கொடுக்கும் கை என்னுடையது.

நான்கு வருடமாக நான் போட்டிருக்க வேண்டிய கணக்கு இது. ஏன் போடவில்லை என்பதைத்தான் இங்கே எழுதப் பார்க்கிறேன்.

முதலில் ஏசி. அது குளிரை உண்டாக்குவதில்லை. அறைக்குள் இருக்கும் சூட்டை எடுத்து வெளியே கொண்டுபோய்க் கொட்டுகிறது, அவ்வளவுதான். உள்ளே இருக்கும் காயிலில் ஓடும் வாயு, அறைக் காற்றின் சூட்டை வாங்கிக்கொள்கிறது. வெளியே இருக்கும் காயிலில் அதை விட்டுவிடுகிறது. இந்தக் கொடுக்கல் வாங்கல் முழுவதும் உலோகத் தகட்டின் மேற்பரப்பில் நடக்கிறது. அங்கே தூசி படிந்தால் நடுவில் ஒரு போர்வையைப் போட்டது போல ஆகிவிடும். உள்காயிலுக்குச் சூடு வந்து சேராது, சில நேரம் அதன் மேல் பனிக்கட்டியே உறையும். வெளிக்காயிலால் சூட்டை விட முடியாது. கம்ப்ரஸர் கூடுதல் அழுத்தத்தோடு போராடி அதிக மின்சாரம் இழுத்துக் கொதிக்கும். எந்தப் பாகமும் உடையாமலேயே எந்திரம் தோற்றுப்போகும்.

ஆகவே காயிலைக் கழுவுகிறவர் புதிதாக எதையும் செய்வதில்லை, சேர்ப்பதில்லை. எந்திரம் முன்பு இருந்த நிலைக்குத் திரும்புகிறது. அவருடைய உழைப்பின் விளைவு என்ன என்று கேட்டால், நடக்காமல் போனவற்றைத்தான் சொல்ல வேண்டும். கம்ப்ரஸர் எரியவில்லை. ஒன்றரை ஆம்பியர் வீணாகவில்லை. அடுத்த நாளே மறுபடி தூசி படியத் தொடங்கும்.

இப்படிப்பட்ட வேலையைப் பற்றி இரண்டு பெண் சிந்தனையாளர்கள் ஆழமாக யோசித்திருக்கிறார்கள். 1949-ல் வெளிவந்த 'இரண்டாம் பாலினம்' நூலில் சிமோன் த பொவ்வார் வீட்டு வேலையைச் சிசிஃபஸின் தண்டனையோடு ஒப்பிட்டார். பாறையை மலையுச்சிக்கு உருட்டிக்கொண்டு போவதும், அது உருண்டு கீழே வருவதும், மறுபடி உருட்டுவதும்தான் கிரேக்கக் கதையில் அவன் விதி. ஒன்பது வருடம் கழித்து வந்த 'மனித நிலை' நூலில் ஹன்னா அரெண்ட், உயிரைத் தக்கவைக்கும் உழைப்பு வேறு, உலகில் நிலைத்து நிற்கும் பொருளைச் செய்யும் வேலை வேறு என்று பிரித்தார். முதல் வகை உழைப்பு தனக்குப் பின்னால் எதையும் விட்டுச் செல்வதில்லை என்பது அவர் கருத்து.

இரண்டையும் கல்லூரிக் காலத்தில் படித்துத் தலையாட்டியவள் நான். மாமியாரின் அறையில் நின்றபோது அந்தத் தலையாட்டலில் ஒரு பிசகு தெரிந்தது. எதை விட்டுச் சென்றது என்ற கேள்வியே மேசை செய்கிறவரின் அளவுகோல். அந்த அளவுகோலை வைத்து அக்காவை அளந்தால் பூஜ்யம்தான் வரும். ஆனால் இரண்டு வருடமாகப் படுத்தே கிடக்கும் என் மாமியாரின் உடம்பில் ஒரு படுக்கைப் புண் கூட இல்லை. படுக்கைப் புண் பார்த்தவர்களுக்குத் தெரியும், அது வந்தால் என்ன ஆகும் என்று. தோல் சிவக்கும், பிறகு கிழியும், பிறகு எலும்பு வரை போகும். அது வராமல் இருப்பதற்காக ஒருவர் தினமும் அந்த உடம்பைத் தூக்கி, திருப்பி, ஈரம் ஒற்றி, சிவப்பு தெரிகிறதா என்று விரலால் அழுத்திப் பார்க்க வேண்டும். அக்கா விட்டுச் சென்றது அந்தப் புண் இல்லாத முதுகு.

வீட்டுக்கு வந்து பார்க்கும் டாக்டர் ஒவ்வொரு முறையும் முதுகைப் பார்த்துவிட்டு, "நல்லா பாத்துக்கிறீங்க மேடம்" என்பார். என்னிடம்தான் சொல்வார். நானும் சிரித்துக்கொண்டு ஏற்றுக்கொள்வேன். அக்கா அப்போது பின்கட்டில் துணி அலசிக்கொண்டிருப்பார்.

மெக்கானிக் தம்பியிடம் ஒரு மீட்டர் இருந்தது. ஒன்பது, ஏழரை என்று இரண்டு எண்களைக் காட்டி, நடக்காமல் போனதற்கு விலை கேட்க அவரால் முடிந்தது. அந்த 700 ரூபாய் அதிகம் என்று நான் சொல்ல வரவில்லை. சன்ஷேடில் கயிறில்லாமல் நின்ற மனிதருக்கு அது குறைவு. என் கேள்வி வேறு. அக்காவுக்கு ஏன் மீட்டர் இல்லை?

வீட்டுப் பெண்கள் எவருக்கும்தான் இல்லை என்று தோழிகள் சொல்லக்கூடும். உண்மைதான். 2019-ல் இந்தியப் புள்ளியியல் துறை நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு ஒன்றை நடத்தியது. வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் ஊதியமில்லாமல் அதற்குச் செலவிடும் நேரம் சராசரியாக ஒரு நாளைக்கு 299 நிமிடங்கள், ஈடுபடும் ஆண்களுக்கு 97 என்று வந்தது. அந்த வேலையைக் கையில் எடுக்கும் ஆண்களே நான்கில் ஒருவர்தான்.

நம் ஊரிலேயே கண்ணால் கண்ட கணக்கும் உண்டு. 2024 டிசம்பர் 2 காலை வரையிலான 24 மணி நேரத்தில், ஃபெஞ்சல் புயலின் எச்சத்தால் ஊத்தங்கரையில் 503 மில்லிமீட்டர் மழை கொட்டியது. பேருந்து நிலையத்தருகே நின்ற வண்டிகள் வெள்ளத்தில் உருண்டுபோன காட்சியைத் தொலைக்காட்சிகள் திரும்பத் திரும்பக் காட்டின. தண்ணீர் வடிந்த பிறகு வீடுகளுக்குள் சேறு தங்கியது. அதை வாரக்கணக்கில் வாரியவர்கள், பாயையும் புத்தகத்தையும் பீரோவில் இருந்த புடவைகளையும் அலசிக் காயவைத்தவர்கள் யார் என்று எந்தக் கேமராவும் பார்க்கவில்லை. கார்கள் ஒர்க்ஷாப்புக்குப் போயின, ரசீதோடு திரும்பின. வீடுகளுக்கு ரசீது கிடையாது.

2023 செப்டம்பர் 15 அன்று கலைஞர் மகளிர் உரிமைத் தொகைத் திட்டம் தொடங்கியபோது, மாதம் 1,000 ரூபாயை உதவி என்று சொல்லாமல் உரிமை என்று அழைத்தார்கள். தொகையைப் பற்றி எத்தனையோ விமர்சனம் வைக்கலாம். ஆனால் அந்தப் பெயரை நான் மதிக்கிறேன். வீட்டில் நடப்பது வேலை என்று ஓர் அரசாணை ஒப்புக்கொண்டது.

ஆனாலும் எல்லாப் பெண்களுக்கும் ஒரே நிலை என்று சொல்லி நான் இங்கே தப்பித்துக்கொள்ள முடியாது. அக்கா காலனியிலிருந்து வருகிறவர். நாங்கள் ஊருக்குள் இருப்பவர்கள். மெக்கானிக் தம்பிக்கு நான் காபி கொடுத்தது விருந்தாளிகளுக்கு எடுக்கும் கண்ணாடிக் கோப்பையில். அவர் சாதி எனக்குத் தெரியாது, கேட்கவும் தோன்றவில்லை. அக்காவின் டம்ளர் சமையலறை ஜன்னல் ஓரத்தில் தனியாகக் கவிழ்ந்திருக்கும். விளிம்பில் நெளிந்த ஒரு எவர்சில்வர் டம்ளர். மாமியார் நடமாடிய காலத்தில் வைத்த ஏற்பாடு அது. அவர் படுக்கையில் விழுந்து, அவருடைய மலமும் மூத்திரமும் அக்காவின் கைகளுக்கு வந்த பிறகும் டம்ளர் இடம் மாறவில்லை. மாமியார் எழுந்து வந்து அதைப் பார்க்கப் போவதில்லை. மாற்றாமல் விட்டது நான். பெண்ணியம் பற்றிக் கூட்டங்களில் பேசுகிற நான்.

எந்திரத்தின் அழுக்கைத் தொட்டவருக்குத் தீட்டு இல்லை. மனிதரின் அழுக்கைத் தொட்டவருக்கு உண்டு. முதல் வேலையைப் படித்துக்கொள்ளலாம். ஐடிஐயில் அதற்குப் பாடப்பிரிவு இருக்கிறது, சான்றிதழ் தருகிறார்கள். இரண்டாவது வேலையை ஒருவர் பிறப்பால் கற்றிருப்பார் என்று நாம் நினைக்கிறோம். சாதி என்பது வேலைகளைப் பிரிப்பதோடு நிற்கவில்லை, வேலை செய்பவர்களையே அடுக்கடுக்காகப் பிரித்தது என்று அம்பேத்கர் 1936-ல் எழுதினார். மலம் அள்ள மனிதரை அமர்த்துவதைத் தடை செய்யும் சட்டம் 2013-ல் மறுபடி ஒருமுறை வர வேண்டியிருந்தது. மெக்கானிக் செய்வதற்கு சர்வீஸ் என்று பெயர் வந்ததும், அக்கா செய்வதற்குப் பெயரே வராததும் தற்செயல் என்று இனி என்னால் நம்ப முடியாது. மீட்டர் வைத்தால் எண் தெரியும். எண் தெரிந்தால் கொடுக்க வேண்டியிருக்கும்.

அப்படியானால் எல்லாவற்றுக்கும் மீட்டர் வைத்துவிடலாமா? அந்தக் கோடை விடுமுறையில் என்னிடம் படித்த ஒரு பெண் பார்க்க வந்தாள். ஓசூர்ப் பக்கம் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் வேலை, விடுதியில் தங்குகிறாள். கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டங்களின் எத்தனையோ பெண்கள் இன்று இப்படித்தான் இருக்கிறார்கள். எங்கள் ஏசி கதையைச் சொன்னதும் சிரித்தாள். "எங்க லைன்ல எப்பவும் ஜில்லுனு இருக்கும் மிஸ். ஆனா குளிரு எங்களுக்கு இல்ல, பொருளுக்கு" என்றாள். பலகையில் ஒட்டும் நுண்ணிய பாகங்களுக்கு இத்தனை டிகிரி, இத்தனை ஈரப்பதம் என்று கணக்கு இருக்கிறது. கை விறைத்தால் அவர்கள் உள்ளே இன்னொரு சட்டை போட்டுக்கொள்ள வேண்டியதுதான்.

ஏசியின் வரலாறும் இப்படித்தான் தொடங்குகிறது. 1902-ல் வில்லிஸ் கேரியர் வடிவமைத்த முதல் நவீனக் குளிரூட்டி, நியூயார்க்கின் புரூக்ளினில் இருந்த ஓர் அச்சகத்துக்கானது. காற்றின் ஈரத்தால் காகிதம் சுருங்கி விரிந்து வண்ணங்கள் விலகி அச்சாகின. அதைச் சரிசெய்யத்தான் அந்த எந்திரம். மனிதர்களின் வியர்வை பின்னால்தான் நினைவுக்கு வந்தது.

அந்தப் பெண் மேலும் சொன்னாள். எந்திரத்தை இத்தனை மணி நேரத்துக்கு ஒருமுறை நிறுத்தித் துடைக்க வேண்டும் என்று அட்டவணை ஒட்டியிருக்குமாம். அதை நிறுத்தினால் யாரும் முகம் சுளிப்பதில்லை. மாதவிடாய் வலியில் அவள் ஐந்து நிமிடம் கூடுதலாகக் கழிப்பறையில் இருந்தால் அது பதிவாகும். அவளுக்கும் மீட்டர் இருக்கிறது, நிமிடத்துக்கு எத்தனை என்று. அவள் கை செய்வதை அளக்கிறார்கள். அந்தக் கை மறுநாளும் வேலைக்கு வருவதற்கு என்ன தேவை என்று அளப்பதில்லை.

ஆகவே அளப்பது மட்டும் நீதி ஆகிவிடாது. அளவுகோல் யார் கையில் இருக்கிறது, எதை அளக்கிறது என்பதுதான் நீதி. நான் அக்காவுக்கு மணிக்கணக்கு போட்டபோது, மீட்டரை என் கையில்தான் வைத்திருந்தேன். அவரிடம் கேட்க வேண்டும் என்று தோன்றவே எனக்கு ஒரு வாரம் ஆனது.

கேட்டேன். "அக்கா, சம்பளத்தை ஏத்தணும்னு இருக்கேன். எவ்வளவு இருந்தா சரியா இருக்கும், நீங்களே சொல்லுங்க."

முகத்தில் மகிழ்ச்சியை எதிர்பார்த்தேன் என்பதை மறைக்க மாட்டேன். அவர் துடைத்துக்கொண்டிருந்த துணியைப் பிழிந்து கொடியில் போட்டுவிட்டு வந்தார். "ஏன் டீச்சர், திடீர்னு? இத்தன நாளு தெரியலயா?" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டது போல இருந்தது. எனக்குப் பதில் வரவில்லை. ஏசி மெக்கானிக் வந்தபோது தோன்றியது என்று எப்படிச் சொல்வது?

மறுநாள் அவரே வந்து சொன்னார். மாதம் 9,000 வேண்டும். அதைவிட முக்கியமாக, ஞாயிற்றுக்கிழமை லீவு வேண்டும். "பொணத்துக்குக் கூட ஒரு நாள்தான் எடுப்பு. எனக்கு நாலு வருஷமா ஞாயித்துக்கெழமயே இல்ல." நான் இதுவரை அவர் எடுத்த லீவுகளுக்குச் சம்பளம் பிடித்திருக்கிறேன். வாரம் ஒரு நாள் என்பது எனக்குப் பள்ளியில் கேட்காமலே கிடைப்பது. வீட்டுப் பணியாளர்களுக்கு வார ஓய்வு வேண்டும் என்று உலகத் தொழிலாளர் அமைப்பு 2011-ல் 189-ஆம் உடன்படிக்கையில் எழுதியது. இந்தியா இன்னும் அதை ஏற்று உறுதிசெய்யவில்லை. தமிழ்நாட்டில் 2007 முதல் வீட்டுப் பணியாளர் நல வாரியம் இருக்கிறது. அக்கா அதில் பதிவு செய்யவில்லை. அப்படி ஒன்று இருப்பதை நானும் அவரிடம் சொன்னதில்லை.

ஒப்புக்கொண்டேன். 9,000 எங்களுக்குச் சிரமம்தான். என் கணவர் அதை வீட்டுச் செலவு என்று சொல்லவில்லை, "உன் அக்காவுக்கு" என்று சொன்னார். உங்கள் அம்மாவுக்கு என்று திருத்தினேன். நெளிந்த டம்ளரை எடுத்து மற்ற டம்ளர்களோடு சேர்த்து வைத்தேன். இதைச் சாதனையாக எழுதவில்லை. மறுநாள் அக்கா அந்த அடுக்கிலிருந்து அதே டம்ளரைத் தேடி எடுத்து, டீ குடித்துக் கழுவி, ஜன்னல் ஓரத்திலேயே கவிழ்த்து வைத்துவிட்டுப் போனார். இன்றும் அப்படித்தான் செய்கிறார். நான்கு வருடம் நான் கற்றுக்கொடுத்ததை ஒரே நாளில் மறந்துவிடுங்கள் என்று கேட்க எனக்கு என்ன உரிமை இருக்கிறது என்று தெரியவில்லை.

டாக்டர் அடுத்த முறை வந்து முதுகைப் பார்த்தபோது அக்காவை உள்ளே கூப்பிட்டேன். "இவங்கதான் பாத்துக்கிறாங்க" என்றேன். டாக்டர் தலையசைத்துவிட்டு மாத்திரை எழுதினார். எந்த இடம் சீக்கிரம் சிவக்கிறது என்று அவராகக் கேட்கவில்லை. அக்காவே சொன்னார். வலது குதிகால்.

முதல் ஞாயிற்றுக்கிழமை அம்மாவைத் திருப்பிப் படுக்க வைப்பது என் கணவரின் முறை. ஐம்பது வயது மனிதர். தன் தாயின் உடம்பை எங்கே பிடிப்பது என்று தெரியாமல் கட்டிலருகே நின்றார். தோளைப் பிடித்தால் இடுப்பு வரவில்லை. இடுப்பைத் தள்ளினால் அவர் வலியில் முனகினார். ஏசி ஜில்லென்று ஓடிக்கொண்டிருக்க, இவருக்கு வேர்த்தது. என்னிடம் கேட்டார். எனக்கும் முழுதாகத் தெரியவில்லை. நான் எட்டி நின்று மேற்பார்வை பார்த்தவள்தானே.

போனை எடுத்து அக்காவை அழைத்துவிட்டார். நான் தடுப்பதற்குள் அந்தப் பக்கம் குரல் கேட்டது. ஸ்பீக்கரில் போட்டோம். எந்தக் காலை முதலில் மடக்க வேண்டும், எந்தக் கையை நெஞ்சின் மேல் எடுத்துப் போட வேண்டும், தலையணையை எங்கே சொருக வேண்டும் என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். பின்னணியில் அவர் பேரப்பிள்ளைகளின் சத்தம். அம்மா ஒருக்களித்துப் படுத்ததும், "முதுகு செவந்திருக்கா பாருங்க" என்றார். இல்லை என்றோம்.

இருபது நிமிடம் பேசியிருந்தோம். அந்த மாதச் சம்பளத்தைக் கவரில் போடும்போதுதான் அந்த இருபது நிமிடம் நினைவுக்கு வந்தது.